விலை இறங்கட்டும், பார்க்கலாம்

ஜனவரி 12

டிவி போய்விட்டது. சத்தம் வருகிறது, படம் வரவில்லை. பொங்கலுக்கு இரண்டு நாள் இருக்கும்போதுதான் இது போகவேண்டுமா? என் வீட்டுக்காரர் ரகுபதி அதன் முதுகில் தட்டிப் பார்த்தார், ஒயரைப் பிடுங்கிச் சொருகிப் பார்த்தார். எது கெட்டாலும் இவருக்குத் தெரிந்த வைத்தியம் இந்த இரண்டுதான். மெக்கானிக் வந்து, "பேனல் போயிருச்சுங்க, இதை மாத்தறதுக்குப் புதுசே வாங்கிக்கலாம்" என்று சொல்லிவிட்டு, டீயும் குடித்துவிட்டுப் போனார்.

எனக்குக்கூடப் பரவாயில்லை. மாமாவைத்தான் பார்க்கச் சகிக்கவில்லை. மாமா என்றால் என் மாமனார், தெய்வசிகாமணி. பம்ப் கம்பெனியில் ஸ்டோர் கீப்பராக இருந்து ரிட்டயர் ஆனவர். அத்தை போய் மூன்று வருஷம் ஆகிறது. அதிலிருந்து அவருக்கு எல்லாமே அந்த டிவிதான். காலையில் போட்டால் படுக்கும்வரை ஓடும். எங்களிடம் பேசுவது "ம்", "சரி", "போதும்", அவ்வளவே. இன்று அவரே வாயைத் திறந்து, "ரகு, இன்னைக்கே போயி ஒண்ணு வாங்கிட்டு வந்துரலாமாப்பா?" என்று விடாமல் கேட்டுக்கொண்டிருந்தார். பாவமாக இருந்தது.

கடையில் கூட்டமாக இருக்கும், பொங்கல் முடியட்டும் என்றோம்.

ஜனவரி 15

மாட்டுப் பொங்கல். வடைக்கு அரைத்த மாவில் தண்ணீர் அதிகமாகிவிட்டது. அதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும்போது மேல் வீட்டு லோகநாயகி அம்மா வந்தார். தபால் ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வீட்டுக்காரர் போய் வெகுகாலம் ஆகிறது, மகள் ஆஸ்திரேலியாவில். அந்த வீட்டில் தனியாகத்தான் இருக்கிறார்.

"உங்க டிவி ரிப்பேருன்னு கேள்விப்பட்டனுங்க. பட்டிமன்றம் போடறாங்க, மேல வந்து பாருங்களேன்" என்றார் மாமாவிடம். மாமா கூச்சப்பட்டு வேட்டி நுனியைத் தடவிக்கொண்டு நின்றார். "போங்க மாமா, சும்மா இருக்கறதுக்கு" என்று நான்தான் தள்ளாத குறையாக அனுப்பினேன்.

திரும்பி வந்து, "சின்ன டிவிதான் அம்மணி. நடுவால பச்சையா ஒரு கோடு வேற வுழுகுது" என்றார். அப்புறம் எங்கள் வடையை விட அங்கே கொடுத்த வடை மெத்தென்று இருந்தது என்றார். தேவையா இது?

ஜனவரி 24

குடியரசு தினத் தள்ளுபடி. இவர் லீவு போட்டுவிட்டு, "அப்பா, கிளம்புங்க, டிவி வாங்கப் போலாம்" என்றார். மாமா செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு, "சித்தெ பொறுப்பா. இப்ப வாங்கினா ஏமாந்துருவோம். புது டெக்னாலஜி வருதாம். வந்துருச்சுன்னா விலை எறங்கிரும்" என்கிறார்!

பத்துப் பன்னிரண்டு நாள் முன்பு அவசரப்பட்ட மாமாதானா இது? நானும் இவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். லீவு வீண். ஒட்டடை அடித்தோம்.

பிப்ரவரி 9

இன்று மாமா எனக்குப் பாடம் நடத்தினார். நான் பாட்டுக்கு அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். போனை எடுத்து வந்து எதிரில் உட்கார்ந்தார்.

"நம்ம பழைய டிவில பின்னால லைட்டு எரியும். முன்னால படம். அதனால கருப்பு, கருப்பா தெரியாது. சாம்பலாத்தான் தெரியும். ஓஎல்இடின்னு ஒண்ணு வந்திருக்குது. அதுல ஒவ்வொரு புள்ளியும் தானா எரியும், தானா அணையும். கருப்பு அப்படியே கருப்பா இருக்கும்."

"அப்ப அதையே வாங்கிரலாங்களா?"

"அதுல ஒரே படம் ரொம்ப நேரம் நின்னா தழும்பு வுழுந்துரும். மினி எல்இடின்னு இன்னொண்ணு இருக்குது. அதுல தழும்பு வுழாது, ஆனா கருப்பு அத்தனை கருப்பில்ல. ரெண்டும் சேந்த மாதிரி மைக்ரோ எல்இடின்னு ஒண்ணு வருது. அதுதான் சரி."

"அது எப்பங்க வரும்?"

"வந்துருச்சு. இப்ப அதோட விலைக்கு ஒரு வீடே வாங்கலாம். எறங்கும்."

எனக்குத் தலை சுற்றியது. கருப்பு எந்தக் கருப்பாக இருந்தால் எனக்கென்ன? பல் ஆஸ்பத்திரியில் நாள் முழுக்க நின்று டோக்கன் கொடுத்துவிட்டு வருகிறேன். காலை நீட்டி உட்கார்ந்து எதையாவது பார்க்கவேண்டும், அவ்வளவுதான். ஆனால் ஒன்று, மாமா இவ்வளவு நேரம் என்னிடம் பேசி எத்தனை காலம் ஆயிற்று! அந்த ஆச்சரியத்தில் அவரைக்காயில் இருந்த புழுவைக் கவனிக்கவில்லை.

மார்ச் 3

கேஸ் தீர்ந்தது. டிவி வாங்கவில்லை.

ஏப்ரல் 14

சித்திரை ஒன்று. மாமாவை வம்படியாகக் கடைக்குக் கூட்டிப் போனோம். காந்திபுரத்தில் பெரிய ஷோரூம். சுவர் பூராவும் டிவி. எல்லாவற்றிலும் ஒரே கிளி பறக்கிறது. மாமா ஒவ்வொன்றின் பக்கத்திலும் போய், மூக்கு இடிக்கிற மாதிரி நின்று பார்த்தார். கடைக்காரப் பையனிடம் அவர் கேட்ட கேள்விகளுக்கு அவன் பதில் தெரியாமல் மேனேஜரைக் கூப்பிட்டான். மேனேஜர் வந்து, "சார் என்ன கம்பெனில இருக்கீங்க?" என்று கேட்டார்.

கடைசியில், "நல்லாத்தான் இருக்குது. ஆனா இன்னும் எறங்கட்டும்" என்று சொல்லிவிட்டு மாமா ஆட்டோ பிடிக்கப் போய்விட்டார். எனக்கு வந்த கோபத்துக்கு அங்கேயே உட்கார்ந்திருப்பேன்.

வீட்டுக்கு வந்ததும் முகம் கழுவினார். சட்டை மாற்றினார். மேலே போய்விட்டார். அந்தச் சின்ன டிவியைப் பார்க்க! எல்லோர் மூஞ்சியிலும் பச்சைக் கோடு விழுகிற டிவியை! கிளியின் இறகில் ஒரு புள்ளி சரியில்லை என்று மேனேஜரோடு வாதாடிய மனுஷன்! எனக்கு ஒன்றுமே புரியவில்லை.

மே 18

ஒரு பயம் வந்திருக்கிறது. எழுதி வைக்கிறேன்.

மாமா தினமும் மேல் வீட்டில் ஏழு மணி சீரியல் பார்க்கிறார். நான் அதையே பஸ்ஸில் வரும்போது போனில் பார்க்கிறேன். இன்று சாப்பிடும்போது பேச்சுக்கு, "என்னங்க மாமா, அந்தப் பொண்ணு கடைசில கலெக்டரையே கட்டிக்கிட்டாளா?" என்றேன். "எந்தப் பொண்ணு?" என்றார். "அதாங்க, மாமியார் விஷம் வெச்சாங்களே!" "அப்படியா? விஷமா வெச்சுட்டாங்க?" என்று அவர் என்னையே கேட்கிறார்.

நான்கு மாதமாகத் தினமும் பார்க்கிற சீரியல். கதாநாயகி பேர்கூடத் தெரியவில்லை. இவரிடம் சொன்னேன். "வயசாகுது கௌசி, மறதியா இருக்கும்" என்று இவரும் கவலைப்பட்டார். இணையத்தில் தேடிப் பார்த்தால் என்னென்னவோ வியாதி போட்டிருக்கிறது. டாக்டரிடம் கூட்டிப் போவது என்று முடிவு செய்தோம்.

மே 24

டாக்டர் நிறையக் கேள்வி கேட்டார். மாமா எல்லாவற்றுக்கும் டக்டக்கென்று பதில் சொன்னார். அதோடு நிற்காமல், டாக்டர் ரூமில் இருந்த டிவியைப் பார்த்து, இது எந்த வருஷத்து மாடல், இதில் என்ன கோளாறு வரும் என்றும் சொன்னார். டாக்டர் எங்களைப் பார்த்து, "இவருக்கு ஒண்ணுமில்லைங்க. என்னை விட நல்லா இருக்கார்" என்றார். கண்ணையும் சோதித்தார்கள். கண்ணும் நன்றாக இருக்கிறது.

அப்புறம் என்னதான் பார்க்கிறார் அங்கே?

ஜூன் 29

மாமாவின் சட்டைக்கெல்லாம் இஸ்திரி போட்டேன். இப்போதெல்லாம் அவர் இஸ்திரி போடாத சட்டை போடுவதில்லை. முன்பு வாரத்துக்கு ஒரு நாள் சவரம், இப்போது தினமும். நல்லதுதானே. வியாதி வந்தவர் இப்படியெல்லாம் இருக்கமாட்டார்.

மொட்டை மாடியில் துணி எடுத்துக்கொண்டு இறங்கும்போது மேல் வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டது. யாரோ விருந்தாளி போல என்று நினைத்தேன். இரண்டு படி இறங்கிய பிறகுதான் அது மாமாவின் சிரிப்பு என்று தெரிந்தது. அத்தை இருந்தபோது கேட்டது. கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன். டிவியில் ஏதோ மரண அறிவிப்பு ஓடிக்கொண்டிருந்தது. அதற்கா சிரிக்கிறார்கள்?

ஆகஸ்ட் 3

ஆடிப் பெருக்கு. ஆடித் தள்ளுபடியும். மாமா சொன்னது: "இந்தச் சமயத்துல பழைய சரக்கைத்தான் தள்ளிவிடுவாங்க. ஆர்ஜிபின்னு ஒண்ணு புதுசா வருதாம், அதைப் பாத்துட்டு முடிவு பண்ணலாம்."

எழுத்துகள் தீர்ந்துவிட்டால் என்ன செய்வார் என்று பார்க்க ஆசையாக இருக்கிறது.

ஹாலில் பழைய டிவி இருந்த இடம் மட்டும் பெயின்ட் வெளுக்காமல் சதுரமாக நிற்கிறது. வருகிறவர்கள் எல்லாம் அதையே பார்க்கிறார்கள். காலண்டர் மாட்டி மறைத்தேன். காலண்டர் சின்னது.

செப்டம்பர் 14

இன்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தண்ணீர் லாரிக்கு நிற்கும்போது கீழ் வீட்டு அம்மா, "ஏனுங்க, உங்க வீட்ல இன்னுமா டிவி வாங்கலை? பாவம் உங்க மாமனார், டெய்லி பொழுதோட அடுத்தவங்க வீட்டுப் படியேறறாரே" என்றார். 'பாவம்' என்பதை அவர் சொன்ன விதம் எனக்குப் பிடிக்கவே இல்லை. பக்கத்தில் நின்றவர்கள் குனிந்து குடத்தைப் பார்த்தார்கள்.

"எங்க மாமா கால்ல அவர் படியேறறாரு, உங்களுக்கென்னங்க வலிக்குது?" என்று கேட்டுவிட்டேன்.

இவரிடம் சொன்னேன். சொல்லியிருக்கக்கூடாதோ என்னவோ. இவர் முகம் சுருங்கிவிட்டது. "அப்பா டிவிக்காக அடுத்தவங்க வீட்டு வாசல்ல நிக்கறாருன்னு பேச்சு வந்துருச்சா? என்னடா மகன்னு கேக்கமாட்டாங்க? இனிமே அவரைக் கேட்டுப் பிரயோஜனமில்ல கௌசி. தீவாளி நோம்பிக்கு நான் வாங்கறேன்" என்றார்.

நானும் சரி என்றேன். எனக்கும் டிவி வேண்டியிருந்தது, பொய் சொல்வானேன்.

அக்டோபர் 12

வந்துவிட்டது! அறுபத்தைந்து இஞ்ச். ஓஎல்இடி. மாமா சொன்ன அதே கருப்பு. மாட்டுவதற்கு இரண்டு பேர் வந்தார்கள். காலண்டரை எடுத்தோம். பழைய சதுரம் டிவிக்குப் பின்னால் முழுசாக மறைந்துவிட்டது. மாமா வாக்கிங் போயிருந்தார். வந்ததும் கண்ணை மூடச் சொல்லி இவர் கையைப் பிடித்துக் கூட்டி வந்து திரைக்கு முன்னால் நிறுத்தினார்.

மாமா கண்ணைத் திறந்தார். திரையில் கடல். எவ்வளவு பெரிய கடல்!

"பிடிச்சிருக்குங்களாப்பா?"

"நல்லா இருக்குது" என்றார் மாமா. "ரொம்ப நல்லா இருக்குது."

"இனிமே நீங்க யார் வீட்டுக்கும் போகவேண்டியதில்லைங்கப்பா."

"ஆமாமா" என்றார். கையில் பேக்கரிப் பொட்டலம் வைத்திருந்தார். தேங்காய் பன், இரண்டு. தினமும் வாங்கி மேலே கொண்டுபோவார். கொஞ்ச நேரம் அதை வைத்துக்கொண்டே நின்றவர், என்னிடம் நீட்டி, "நீங்க ரெண்டு பேரும் சாப்பிடுங்க அம்மணி" என்றார்.

சாப்பிட்டோம். டிவி பிரமாதம்.

அக்டோபர் 20

தீபாவளி. முறுக்கு கருகிவிட்டது. புதுப் படம் போட்டார்கள். கதாநாயகன் எங்கள் ஹாலுக்குள்ளேயே வந்து அடிக்கிற மாதிரி இருந்தது. மாமா பாதியிலேயே எழுந்து போய்ப் படுத்துக்கொண்டார்.

அக்டோபர் 29

மாமா சரியாகச் சாப்பிடுவதில்லை. டிவி முன்னால் உட்காருகிறார். ரிமோட்டைக் கையில் வைத்திருக்கிறார். சேனல் மாற்றுவதில்லை. நேற்று நான் வந்தபோது டிவியே போடாமல் எதிரில் உட்கார்ந்திருந்தார். "ஏனுங்க மாமா, போடலையா?" என்றேன். "கண்ணு கூசுது அம்மணி" என்றார். அந்த டாக்டர் கண் நன்றாக இருக்கிறது என்றுதானே சொன்னார்?

மறுபடியும் "ம்", "சரி", "போதும்". சவரம் செய்து ஒரு வாரம் இருக்கும். இஸ்திரி போட்ட சட்டைகள் அலமாரியில் அப்படியே இருக்கின்றன.

"மேல போயிட்டு வாங்களேன்" என்று சொல்லிப் பார்த்தேன். "எதுக்கு? நம்ம வீட்லயே இவ்வளவு பெரிசா இருக்கறப்ப அங்க போயி என்னன்னு சொல்றது?" என்றார்.

நவம்பர் 2

எனக்கு ஒரு யோசனை தோன்றியது. மாமா போகாவிட்டால் என்ன, லோகநாயகி அம்மாவை இங்கே கூப்பிட்டால் ஆயிற்று. பெரிய டிவி, அவரும் நன்றாகப் பார்க்கட்டும். சாயங்காலம் போய் அழைத்து வந்தேன். நல்ல புடவை கட்டிக்கொண்டு வந்தார். பஜ்ஜி போட்டேன். இவரும் இருந்தார்.

லோகநாயகி அம்மா சோபாவின் ஒரு ஓரத்தில் உட்கார்ந்தார். மாமா இன்னொரு ஓரத்தில். நடுவில் இவர்.

"வாங்க. நல்லா இருக்கீங்களா?" என்றார் மாமா.

"நல்லா இருக்கனுங்க. நீங்க?"

"இருக்கனுங்க."

அவ்வளவுதான்! அப்புறம் இரண்டு பேரும் திரையைப் பார்க்கிறார்கள், திரையைப் பார்க்கிறார்கள், பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள். இவர் நடுவில் உட்கார்ந்து, ரிமோட்டை அமுக்கி அமுக்கி வண்ணத்தைக் கூட்டிக் காட்டுகிறார். நான் பஜ்ஜித் தட்டோடு நின்றேன். ஒரு தடவை மாமா ஏதோ சொல்ல வாயெடுத்து, எங்களைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டார். சீரியல் முடியும் முன்பே லோகநாயகி அம்மா, "படம் கண்ணாடியாட்டத் தெரியுதுங்க" என்று சொல்லிவிட்டு எழுந்துவிட்டார். பஜ்ஜியைத் தொடவில்லை.

மாமா வாசல்வரை போனார். அந்த அம்மா படியேறி முடிக்கும்வரை அங்கேயே நின்றார்.

இவர் என்னிடம், "என்ன கௌசி, ஒருத்தருக்கொருத்தர் சண்டையா?" என்று கேட்டார். சமையலறைக்குப் போய் அழுதேன். பஜ்ஜிப் புகை என்று சொல்லிக்கொண்டேன்.

நவம்பர் 3

ஆஸ்பத்திரியில் ஒருவருக்கு இரண்டு டோக்கன் கொடுத்துவிட்டேன். டாக்டர் திட்டினார். என் நினைப்பெல்லாம் எங்கேயோ இருந்தது. பச்சைக் கோடு, மைக்ரோ எல்இடி, தேங்காய் பன், விஷம் வைத்த மாமியார், எல்லாம் மாற்றி மாற்றி ஓடிக்கொண்டிருந்தன.

என்னவோ புரிகிற மாதிரி இருக்கிறது. எழுத வரவில்லை. நான்தானே டிவி வேண்டும் வேண்டும் என்று குதித்தேன்.

நவம்பர் 9

பஜ்ஜி நாளன்று தூறலுக்குப் பிடித்து வந்து லோகநாயகி அம்மா விட்டுவிட்டுப் போன குடையைக் கொடுக்கிற சாக்கில் மேல் வீட்டுக்குப் போனேன். டிவி ஓடிக்கொண்டிருந்தது, சத்தம் குறைவாக. செய்தி வாசிக்கிற பெண்ணின் மூக்கு வழியாகப் பச்சைக் கோடு. டிவிக்கு எதிரில் இரண்டு நாற்காலி. ஒன்றில் அவர் உட்கார்ந்திருந்தார். மேஜை மின்விசிறி இன்னொரு நாற்காலியைப் பார்த்துச் சுற்றிக்கொண்டிருந்தது. அதில் யாரும் இல்லை.

"உக்காரு கண்ணு" என்றார். எனக்கு அந்த நாற்காலியில் உட்கார மனசு வரவில்லை. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தேன்.

"மாமா சாப்பிடறாரா?" என்றார் அவராகவே.

"எங்கங்க? பாதி இட்லியோட எந்திரிச்சுக்கறாரு."

அவர் புடவைத் தலைப்பைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

நான் டிவியைப் பார்த்தேன். "ஏனுங்கம்மா, இதை மாத்தக்கூடாதுங்களா? கண்ணுக்குக் கெடுதலுங்க."

"எனக்கு இதே போதும் கண்ணு. ஒருத்திக்கு எதுக்கு?"

"இல்லைங்க, மாத்தத்தான் வேணும். ஆனா சட்டுன்னு கடைக்குப் போயிறாதீங்க, தலைல கட்டிருவாங்க. நாங்களே அவசரப்பட்டு வாங்கிட்டு முழிக்கறோம். எங்க மாமாகிட்டக் கேளுங்க. அவரு ஒரு வருஷமா இதைத்தான் படிக்கறாரு."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். நான் முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்று தெரியாமல் மின்விசிறியைப் பார்த்தேன்.

"அவருக்குச் சிரமமா இருக்காதா?"

"என்னங்க சிரமம்? வீட்ல சும்மாதான் இருக்காரு."

"அப்ப, ஒரு நாள் வந்து பாத்துச் சொல்லச் சொல்றியா?"

"ஒரு நாள்ல எப்படிங்க ஆகும்?" என்றேன். "சுவத்தை அளக்கோணும். வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வருதுன்னு பாக்கோணும். பகல்ல எப்படித் தெரியுது, பொழுதோட எப்படித் தெரியுதுன்னு பாக்கோணும். எச்சா வேலை இருக்குதுங்க."

லோகநாயகி அம்மா சிரித்தார். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார். "உனக்கும் எல்லாம் தெரிஞ்சிருக்குது கண்ணு" என்றார். டிவியைப் பற்றித்தான் சொல்லியிருக்கவேண்டும்.

நவம்பர் 10

காலையில் மாமாவிடம் சொன்னேன். "மாமா, லோகநாயகி அம்மா புது டிவி வாங்கறாங்களாம். எது வாங்கறதுன்னு தெரியாம முழிக்கறாங்க. நீங்க வந்து பாத்துச் சொல்லோணுமாம்."

"நானா?" என்றார். அப்புறம், "அவங்களா வாங்கினா ஏமாத்திருவாங்களே" என்றார். அப்புறம் குளிக்கப் போனார்.

சாயங்காலம் நான் வரும்போது சவரம் செய்து, இஸ்திரிச் சட்டை போட்டு, அளக்கிற டேப்போடு ஹாலில் நின்றுகொண்டிருந்தார். பேக்கரிப் பொட்டலத்தை டேப்புக்குக் கீழே மறைத்துப் பிடித்திருந்தார். நான் கவனிக்காத மாதிரி ஊறவைத்த அரிசியைக் களையப் போனேன். படியேறுகிற சத்தம் கேட்டது. அறுபத்தொன்பது வயசுக்கு ரொம்ப வேகம்.

நாங்கள் சாப்பிட உட்காரும்போதுதான் இறங்கி வந்தார். கை கழுவிவிட்டு உட்கார்ந்தார். இவருக்கு ஆர்வம் தாங்கவில்லை.

"எந்த டிவிப்பா வாங்கச் சொன்னீங்க?"

மாமா தோசையைப் பிய்த்து, சட்னியில் தோய்த்து, நிதானமாகச் சாப்பிட்டார்.

"இப்ப வாங்கறது புத்திசாலித்தனமில்லைன்னு சொல்லிட்டேன். பொங்கலுக்குப் புது மாடல் வரும். அது வந்தா பழசு எறங்கும். அதுக்கப்பறம் இன்னொண்ணு வருதாம். பொறுமையாப் பாக்கலாம்னேன். அவங்களும் சரின்னுட்டாங்க."

"அப்பா, அதான் நம்ம வீட்லயே நல்ல டிவி இருக்குதே, அதே மாடலை..." என்று இவர் ஆரம்பித்தார். மேஜைக்கு அடியில் இவர் காலை மிதித்தேன். "ஆ" என்று கத்திவிட்டு ஒன்றும் புரியாமல் என்னைப் பார்க்கிறார், பாவம்.

"மாமா சொல்றதுதாங்க சரி" என்றேன். "என்ன அவசரம்? விலை எறங்கட்டும்."

"அதான் அம்மணி" என்றார் மாமா. இன்னொரு தோசை கேட்டார்.